ஐந்தேகால் இறாத்தல் ராஸ் மீனும் டூட்டிங் தியாகராஜாவும்

முதலில் மீனை அறிமுகம் செய்வதே முறை. மனிதர் பிறகு வருவார். அவருக்கு அவசரமில்லை.

பாலன் ராஸ் என்பது இங்கிலாந்தின் தென்கரைப் பாறைகளில் குடியிருக்கும் மீன். கொதிக்கும் கடலும் அதற்கு ஆகாது, உறையும் கடலும் ஆகாது. நடுத்தரக் குளிர் வேண்டும், வெடிப்பும் பொந்தும் உள்ள பாறை வேண்டும், பாறை மேல் கடற்பாசிக் காடு வேண்டும். இவை கிடைத்துவிட்டால் இருபது வருடமானாலும் ஏறக்குறைய அதே இடத்தில் காலம் தள்ளிவிடும். தடித்த உதடு. யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியது போன்ற எடுப்பான பல். நண்டையும் மட்டியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். பொழுது சாய்ந்தால் பொந்துக்குள் போய்ப் படுத்துவிடும், ஷிப்ட் வேலை அதற்குப் பழக்கமில்லை. ஆங்கிலேயர் பெரும்பாலும் இதைச் சாப்பிடுவதில்லை. தூண்டிலில் பிடிப்பார்கள், நிறுப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்பவும் கடலில் விட்டுவிடுவார்கள். அகதி விண்ணப்பங்களைக்கூட அவர்கள் இவ்வளவு மரியாதையாகத் திருப்பி அனுப்புவதில்லை.

இந்த மீனின் குடும்ப விவகாரம் சற்றுக் கூச்சமானது. குஞ்சுகள் எல்லாம் பெண்ணாகவே பிறக்கின்றன. பல வருடம் பெண்ணாக இருந்து முட்டையிட்டுக் களைத்த பிறகு அவற்றில் பெருத்த சில ஆணாகிவிடுகின்றன. ஆனவுடன் ஒரு பாறையைத் தமதென்று பிடித்துக்கொண்டு மற்றவர்களை அதட்டத் தொடங்குகின்றன. உன் தகப்பன் யார், எந்தப் பொந்தில் பிறந்தாய் என்று அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. மீன்களுக்குக் கல்வியறிவு போதாது.

இனி மனிதர்.

தியாகராஜா கொக்குவிலில் பிறந்தவர். தகப்பன் தமிழ் வாத்தியார், தகப்பனின் தகப்பனும் வாத்தியார். இருவரும் கடலைப் பாடப்புத்தகத்தில் பார்த்தவர்கள். தியாகராஜா யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தார். நாற்பத்தாறு வயது வரைக்கும் மீன் என்பது அவருக்குக் குழம்பில் கிடக்கும் ஒரு பொருள். 1985இல் மனைவி தவநாயகியோடும் பத்தொன்பது வயது மகள் சிவகௌரியோடும் லண்டனுக்கு வந்தார். டூட்டிங்கில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு எடுத்தார். பெட்ரோல் செட் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் காசாளராக உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் அவரிடம் சொன்னவற்றில் முக்கால்வாசி உள்ளே கேட்காது. கேட்காமல் இருப்பதே அந்த வேலையின் சலுகை.

டூட்டிங் சந்தைக்குள் ஒரு வெள்ளைக்காரனின் மீன் கடை இருந்தது. அதில் வெட்டுபவர் செபமாலைமுத்து. பாசையூர்க்காரர், கத்தோலிக்கர், தியாகராஜாவைவிடப் பத்து வயது இளையவர். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கடலில் தொழில் செய்த குடும்பம். தியாகராஜா குடும்பம் வீடு மாறி வந்தபோது அவர்களது கட்டிலைத் தனியாளாக மாடிக்குத் தூக்கிக்கொடுத்தவர் இவர்தான். அன்றிலிருந்து சிவகௌரிக்கு அவர் 'செபமாலை மாமா'.

1987 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செபமாலைமுத்து தியாகராஜாவைப் பிரைட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் கொங்கிறீற்றுச் சுவரின் அடியிலும், அதற்கப்பால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளிலும் ராஸ் மீன் இருந்தது. முதல் வருடம் தியாகராஜா பிடித்தவை மூன்று: யாரோ விட்டெறிந்த சப்பாத்து ஒன்று, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனின் நூல், தன்னுடைய வலது காது. காதை ஆஸ்பத்திரியில் விடுவித்தார்கள்.

ஆனால் கச்சேரி உத்தியோகத்தர் ஒன்றைத் தொடங்கினால் கோப்பை மூடமாட்டார். டூட்டிங் நூலகத்திலிருந்து பிரித்தானியக் கடல் மீன்கள் பற்றிய தடித்த புத்தகத்தை எடுத்தார், ஏழு தடவை திரும்பப் புதுப்பித்தார். செபமாலைமுத்துவிடம் முடிச்சுப் போடப் பழகினார், மீன் வெட்டப் பழகினார். கடல் எவ்வளவு வற்றும்போது எந்த வெடிப்பில் மீன் நிற்கும் என்று கண்டுகொண்டார். ராஸ் கடித்தவுடன் செய்யும் வேலை ஒன்றுதான். தலையைக் குத்திக்கொண்டு பொந்துக்குள் ஓடும். ஓடவிட்டால் நூல் பாறையில் அறுபட்டுப்போகும். இழுத்தால் தூண்டில் தடி முறியும். இழுக்காமலும் விடாமலும் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கை வேண்டும். அந்தக் கை தியாகராஜாவுக்கு மூன்றாம் வருடம் வந்தது.

1989 செப்டம்பரில் ஒரு மத்தியானம் ஐந்தேகால் இறாத்தல் ராஸ் ஒன்று அவருடைய தூண்டிலில் கோத்த நண்டைக் கடித்தது. செபமாலைமுத்து அப்போது சுவரின் மறுகோடியில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தியாகராஜா கத்தியது காற்றில் போய்விட்டது. எட்டு நிமிடம் தனியாக நின்று, தனியாகப் பிடித்து, தனியாக வலையில் அள்ளினார். செபமாலைமுத்து ஓடிவந்து சேர்ந்தபோது மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.

"இதைவிடப் பெரிசு நான் இஞ்சை பிடிக்கேல்லை அண்ணை" என்று ஒத்துக்கொண்டு, தன் கமராவால் ஒரு படம் எடுத்தார். பிறகு இருவருமாக மீனைக் கடலில் விட்டார்கள். அது நன்றி சொல்லாமல் போயிற்று.

படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சரஸ்வதிக்குக் கீழே, மகளின் பட்டமளிப்புப் படத்துக்கு மேலே தியாகராஜா கொழுவினார். தவநாயகி இந்த வரிசையை எதிர்த்தார். எடுபடவில்லை. அந்த நகரத்தில் அவர் செய்து முடித்த காரியம் என்று சொல்ல அந்த மீன் ஒன்றுதான் இருந்தது.

1991இல் சிவகௌரிக்கு இருபத்தைந்து வயது. வங்கியில் வேலை. கிங்ஸ்பரியில் இருக்கும் கணக்காளர் பாலேந்திராவின் மகனுக்கும் அவளுக்கும் பல்கலைக்கழகத்திலேயே மனம் ஒத்துப்போயிருந்தது. மூன்று வருடக் காதல். ஆனால் காதல் என்று சொன்னால் பெரியவர்கள் மனம் நோவார்கள். ஆகவே பிள்ளைகள் இருவரும் அப்டன் பார்க் அம்பலவாணத்தாரின் காதில் பெயர்கள் விழும்படி செய்தார்கள். அம்பலவாணன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், லண்டனில் கலியாணப் பேச்சுக்காரர். இந்தப் பொருத்தத்தைத் தானே கண்டுபிடித்ததாக அவர் கடைசிவரை நம்பினார். சாதகம் பொருந்தியது. படிப்பு பொருந்தியது. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்ணியமான குடும்பங்கள் 'சாதி' என்று கேட்கமாட்டா. 'எந்த ஆக்கள்' என்றுதான் கேட்கும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலேந்திராவும் மனைவி சந்திரவதனாவும் மகனோடு டூட்டிங்குக்கு வந்தார்கள். ரோசாப்பூப் போட்ட கோப்பைகளில் தேநீர் வந்தது. பாலேந்திரா சுவரைப் பார்த்து, மரியாதைக்காக, அது என்ன மீன் என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் வரும் என்று எதிர்பார்த்தார்.

பதில் நாற்பது நிமிடம் வந்தது. தியாகராஜா சுண்ணாம்புப் பாறையிலிருந்து தொடங்கினார். பாசிக்காடு, வற்று, பெருக்கு, நண்டைத் தூண்டிலில் கோக்கும் விதம் எல்லாம் சொன்னார். பெண் பார்க்க வந்த சபையில், பெண்ணாய்ப் பிறந்த மீன் பிற்பாடு ஆணாய்ப் போகும் விபரத்தைக் கைச்சாடையோடு விளக்கினார். மாப்பிள்ளை கம்பளத்தைப் பார்த்தார். தவநாயகி மேசைக்கடியில் கணவனின் காலை மிதித்தார். மிதித்தது பாலேந்திராவின் கால்.

சந்திரவதனா மெல்லக் கேட்டார். "வீட்டில மீன் வெட்டுறது ஆர்?"

"நான்தான். இவ வெட்டினா மீனின்ர பித்துப்பை உடைஞ்சுபோம்" என்றார் தியாகராஜா பெருமையாக. "செபமாலைதான் பழக்கினவர். பாசையூர்ப் பெடியன், தங்கமான மனுசன். வந்தா எங்களோட ஒண்டா இருந்துதான் சாப்பிடுவார்."

ஒரே மூச்சில் மனிதர் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டார்.

சந்திரவதனா தன் கோப்பையை அதற்குப் பிறகு தொடவில்லை. தேநீர் ஆடை கட்டி ஆறியது. யாழ்ப்பாணத்தவருக்கு இதற்கு உரை தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், ஒரு வீட்டில் தேநீர் குடித்தால் நீங்களும் நாங்களும் ஒன்று. ஆறவிட்டுப் போனால் உங்கள் சாதியில் எங்களுக்குச் சந்தேகம். முன்பே பாதி குடித்துவிட்டிருந்த பாலேந்திரா, குடித்த பாதியை என்ன செய்வது என்று யோசிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

கடலை இவ்வளவு தெரிந்த மனிதன் கடற்கரை ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்பது கிங்ஸ்பரியின் முடிவு. அறிவு ரத்தத்தில் வருவது. நூலகத்தில் வருவதாக யார் கேள்விப்பட்டார்கள்?

விசாரணை ஆரம்பமானது. ரொறன்ரோவுக்குப் பேசினார்கள். அங்கிருந்த ஒருவர், தியாகராஜா நல்ல மனிதர்தான், ஆனால் சின்ன வயதில் நீந்துவார் என்று சொன்னார். நீந்துவார் என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. பாரிஸில் ஒருவர், தாய்வழியில் யாரோ கடல்நீரேரியைப் பார்த்தபடி ஒரு வீடு வைத்திருந்ததாக ஞாபகப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் அப்போது போர். தொலைபேசி இல்லை, மின்சாரமும் இல்லை. குண்டுக்குள்ளால் தப்பி மூன்று வாரம் நடந்தும் கிடந்தும் கொழும்புக்கு வந்துசேர்ந்த முதியவர் ஒருவர் அகப்பட்டார். சுகமாக வந்தீர்களா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கொக்குவில் தியாகராஜா எந்த ஆக்கள் என்று கேட்டார்கள். "வாத்தியார் வீட்டு ஆக்கள், அருமையான ஆக்கள்" என்று அவர் உண்மையைச் சொன்னார். வயது போனவர், நினைவு பிசகியிருக்கும் என்று அந்தச் சாட்சியம் தள்ளுபடியானது.

செய்தி டூட்டிங்குக்கு வந்ததும் தியாகராஜா கொதித்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடும். சாதி பார்ப்பது பிழை என்று அவர் ஒரு கணமும் சொல்லவில்லை. தன்னைப் பிழையாகப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. ஞாயிறு தோறும் செபமாலைமுத்துவின் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்ட அந்த வாயாலேயே, "எங்களைப் போய் அந்த ஆக்கள் எண்டு சொல்லுறதோ" என்று கேட்டார். தவநாயகி அழுதார். இரண்டு தலைமுறை வாத்தியார் வீடு ஒரு மீனால் அழிந்தது என்பது அவருடைய கட்சி.

பரிகாரத்தோடு வந்தவர் அம்பலவாணன்.

"தியாகு, கடிதம் ஒண்டும் எடுபடாது. அவை கண்ணால பார்க்கவேணும்" என்றார். "வாற ஞாயிறு அவையைத் திரும்பக் கூட்டியாறன். அந்தப் பாசையூர்ப் பெடியனையும் கூப்பிடும். எங்களுக்குக் கோப்பையில தேத்தண்ணி. அவனுக்குப் பேப்பர்க் கோப்பை. கதிரை குடுக்காதையும். அவ்வளவுதான், முடிஞ்சுது."

தியாகராஜா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினார்.

"ஊரில இவைக்குத் தேங்காய்ச் சிரட்டையில குடுத்தவை. இது பேப்பர், சுகாதாரமும் ஆச்சு. அவனும் குறை நினையான்."

"அவர் வருவாரோ?"

"நீர் கூப்பிட்டா வருவான். உம்மில அவனுக்கு அவ்வளவு மதிப்பு."

சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவிடலாமா என்று தவநாயகி கேட்டார். வேண்டாம், கழற்றினால் எதையோ ஒளிப்பதுபோல் இருக்கும் என்று அம்பலவாணன் தடுத்தார். ரயில் நிலையம் நடத்தியவர், எல்லாவற்றையும் யோசிப்பார்.

தியாகராஜா மூன்று நாள் முடியாது என்றிருந்தார். நான்காம் நாள் காலை சிவகௌரி வேலைக்குப் போகும் வழியில் சமையலறை வாசலில் நின்றாள். அவள் பல்கலைக்கழகத்தில் இனவெறிக்கு எதிரான ஊர்வலத்தில் முன்வரிசையில் பதாகை பிடித்துப் போனவள். அதன் படமும் வீட்டில் இருக்கிறது, அல்பத்தில்.

"அப்பா, ஒரு டீதானே" என்றாள். "செபமாலை மாமா அண்டர்ஸ்டாண்ட் பண்ணுவார். நான் பிறகு சொறி சொல்லுறன்."

அவர் வாய் திறக்கும் முன் அவளே முடித்தாள்.

"நீங்கள் செய்யாட்டி எனக்கு அவர் இல்லை அப்பா. அவரால தன்ர அம்மாவை எதிர்க்க ஏலாது. எனக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் தியாகராஜா மொத்தக் கடைக்குப் போனார். பேப்பர்க் கோப்பை ஐம்பது கொண்ட கட்டாகத்தான் கிடைத்தது, ஒன்றாகத் தரமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஒரு ஆளுக்காக ஒரு கோப்பை செய்யும் நாகரிகத்துக்கு இன்னும் வரவில்லை. அங்கிருந்து சந்தைக்குப் போய், பிள்ளையின் விசயமாக மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், ஞாயிறு வீட்டுக்கு வாரும் என்று செபமாலைமுத்துவிடம் சொன்னார். செபமாலைமுத்து கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னையும் கூப்பிடுறியளோ அண்ணை" என்றார்.

ஞாயிறு வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். மீன் மணம் போகக் கையை எலுமிச்சங்காயால் தேய்த்துக் கழுவியிருந்தார். ஒரு கேக் பெட்டியும் கொண்டுவந்தார். முன்னறையில் பாலேந்திரா, சந்திரவதனா, அம்பலவாணன் மூவரும் சோபாவில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை என்று சொல்லி அவர் வரவில்லை. இவ்வாறான நேரங்களில் மாப்பிள்ளைகளுக்கு வேலை வருவது வழக்கம். தியாகராஜாவின் கதிரை தவிர மிச்சக் கதிரைகள் படுக்கையறைக்குப் போயிருந்தன. செபமாலைமுத்து சுற்றிப் பார்த்து, கதிரை போதவில்லையாக்கும் என்று எண்ணி, தான் நிற்பதாகவும் பறவாயில்லை என்றும் சிரித்தபடி சொல்லி, ஹீற்றர் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

தவநாயகி தட்டோடு வந்தார். மூன்று ரோசாப்பூக் கோப்பைகள் சோபாவுக்கும் ஒன்று கணவனுக்கும் போயின. பிறகு பேப்பர்க் கோப்பையை எடுத்து, செபமாலைமுத்துவின் கையில் கொடுக்காமல், அவருக்குப் பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

செபமாலைமுத்து அந்தக் கோப்பையைப் பார்த்தார். தட்டில் மிஞ்சியிருந்த இரண்டு ரோசாப்பூக் கோப்பைகளைப் பார்த்தார். பிறகு தியாகராஜாவைப் பார்த்தார். தியாகராஜா தன் சப்பாத்தின் நாடாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

செபமாலைமுத்து கோப்பையை எடுத்தார். பேப்பர் மெலிது, தேநீர் கொதி. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கினார்.

சந்திரவதனாவின் முகம் தெளிந்தது. கை கோப்பை வரைக்கும் போனது. ஆனால் கவனமான பெண் ஒரு சாட்சியோடு நிறுத்தமாட்டார். அம்பலவாணனின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குறை நினையாதையும். இவை ஒண்டு கேக்கினம். இவர் தியாகராஜா, உங்கட ஆக்களோ?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் சிவகௌரி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கதிரை கிடைக்காத ஒரே மனிதரின் வாயில் அவளுடைய கலியாணம் இருந்தது. 'ஓம், எங்கட ஆள்தான்' என்று சொன்னால் போதும், கலியாணம் குலைந்துவிடும். பொய்யென்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. கொக்குவில் எரிந்துகொண்டிருந்தது.

செபமாலைமுத்து அவசரப்படவில்லை. தேநீரை அடிவரை குடித்தார்.

"சீச்சீ, எங்கட ஆளில்லை" என்றார். "இவரை எங்கட ஆளெண்டு நான் சொன்னா, எங்கட ஆக்கள் என்னைச் சேக்கமாட்டினம்."

பாலேந்திரா முன்னால் சாய்ந்தார்.

"நாலு வருசமாக் கூட்டிக்கொண்டு போறன். ஒரு முடிச்சுப் போட வராது. தூண்டிலைத் தன்ர காதில கொழுவிக்கொண்டு நிண்டவர். நான்தான் ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனனான். நண்டைப் பிடியுங்கோ எண்டா நண்டு இவரைப் பிடிக்கும். எங்கட வீட்டில நாலு வயசுப் பிள்ளைக்குக் கடல் இதைவிடத் தெரியும்."

அம்பலவாணன் சிரித்தார். சந்திரவதனாவும் சிரித்தார். பாலேந்திரா மட்டும் சுவரைக் காட்டினார்.

"அப்ப அந்த மீன்?"

"அது நான் பிடிச்சது" என்றார் செபமாலைமுத்து. "அவர் தூக்கிப் பிடிச்சவர். படம் எடுக்க ஆசைப்பட்டார். பாவம் எண்டு குடுத்தனான்." பிறகு திரும்பினார். "அப்பிடித்தானே ஐயா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக 'ஐயா'.

தியாகராஜா படத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம். பொந்துக்குள் தலையைக் குத்திய மீன். இழுக்காமலும் விடாமலும் நின்ற கை. அந்தக் கை இப்போது முழங்காலில் கிடந்தது. சமையலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"ஓம்" என்றார்.

பாலேந்திரா கணக்காளர். வாய்மொழியைத் தெளிவாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். "நீங்கள் பிடிக்கேல்லை?"

"நான் பிடிக்கேல்லை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

சந்திரவதனா ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மிடறில் குடித்தார். சூடாக இன்னொன்று கேட்டார். அது வருவதற்குள் முகூர்த்த மாதம் பேசி முடிந்தது. மீனைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவனை மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று நிரூபித்து, வாத்தியார் வீட்டுப் பரம்பரையை மீட்டுக்கொடுத்தவர் பாசையூர்க்காரர். அவருடைய வாக்குத்தான் கடைசியில் செல்லுபடியானது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

குப்பை வாளி எங்கே என்று செபமாலைமுத்து கேட்டார். தவநாயகி காட்டினார். கோப்பையை மடித்துப் போட்டுவிட்டு, சபைக்குத் தலையசைத்து, படியிறங்கினார். சிவகௌரி பின்னால் ஓடிப்போய், "தாங்க்ஸ் மாமா" என்றாள்.

"நல்லா இரு பிள்ளை" என்றார் அவர், திரும்பாமல்.

அவர் கொண்டுவந்த கேக்கை யார் கொண்டுவந்தது என்று சந்திரவதனா விசாரித்தார். சொன்னார்கள். அதை ஒருவரும் வெட்டவில்லை. அடுத்த நாள் கீழே சலவைக் கடைக்காரன் சாப்பிட்டான், நன்றாக இருந்ததாம்.

1992 தையில் கலியாணம் நடந்தது. நானூறு பேருக்கு அழைப்புக் காட் அடித்தார்கள். செபமாலைமுத்துவின் பெயர் விடுபட்டுப் போயிற்று. பட்டியல் எழுதியவர் தியாகராஜா, கச்சேரியில் பதினெட்டு வருடம் பட்டியல் எழுதியவர். பாலேந்திரா விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, தன் சம்பந்தி மீனென்று நினைத்துத் தன் காதையே பிடித்த கதையைச் சொன்னார். மண்டபம் குலுங்கியது. கதை நன்றாகப் போனதால் அடுத்த வருடம் பொங்கலிலும் சொன்னார், பேரனுக்கு முதற்சோறு ஊட்டும் சோறு தீத்தலிலும் சொன்னார். பின்பு பேரன் வளர்ந்து, அப்பப்பாவுக்கு முன்னால் அவனே சொல்லிக்காட்டப் பழகினான். ஒவ்வொரு தடவையும் தியாகராஜா எல்லோருக்கும் முன்னதாகச் சிரித்தார். தாமதமாகச் சிரித்தால் சந்தேகம் வரலாம்.

பிரைட்டனுக்கு அவர் பிறகு போகவில்லை. தடியைக் கவுன்சில் குப்பை வண்டி கொண்டுபோனது. படத்தைத் தவநாயகி கழற்றியபோது அவர் தடுக்கவில்லை. இப்போது காட்டினாலும் அது இன்னொருவரின் மீன்.

நிறுத்த முடியாதது மீன் சாப்பாடு. டூட்டிங் சந்தையில் நல்ல மீன் கடை ஒன்றுதான். 1993இல் ஒரு சனிக்கிழமை, சேலை வாங்க வந்திருந்த சந்திரவதனாவும் கூடவர, தியாகராஜா அந்த வரிசையில் நின்றார். முறை வந்தது.

"ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று செபமாலைமுத்து கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தியாகராஜாவுக்கு ஏதாவது பதில் சொல்ல இருந்திருக்கும்.

சந்திரவதனா பக்கத்தில் நின்றார். தியாகராஜா ஐஸின் மேல் கிடந்த சாளையை விரலால் காட்டி, "இது என்ன மீன்?" என்று கேட்டார்.

செபமாலைமுத்து அதை ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். இது சாளை. இது தலை, இது வால். இதில் முள் இருக்கும், பார்த்துச் சாப்பிடவேண்டும்.

"வெட்டித் தரட்டோ? ஐயாவுக்கு வெட்ட வராது."

"ஓம், வராது" என்றார் தியாகராஜா.

சந்திரவதனா வரிசையில் நின்ற மற்றவர்களைப் பார்த்து, பாருங்கோ எங்கட சம்பந்தியை என்பதுபோல் திருப்தியாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் செதில் பாதி போகவில்லை. வயிறு கிழிந்து கிடந்தது. பித்து உடைந்து சதையெல்லாம் பச்சையாய்ப் பரவியிருந்தது. செபமாலைமுத்துவின் கைக்கு இப்படி வெட்டுவது சுலபமல்ல, முயற்சி தேவைப்பட்டிருக்கும். முன்னறையில் சந்திரவதனா புதுச் சேலைகளை விரித்துத் தவநாயகிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

தியாகராஜா சமையலறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையையும் இழுத்து மூடினார். தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.